பத்து மதிப்பெண் சாக்ரடீஸ்

தத்துவம் படிக்க வரும் நம்மூர் மாணவர்களுக்கு சாக்ரடீஸைப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சிவாஜி பேசிய அந்தச் சாக்ரடீஸ் ஓரங்க நாடகத்தை வீட்டில் யாரோ ஒரு பெரியவர் போட்டுக் காட்டியிருப்பார், அல்லது யூடியூபில் கண்ணில் பட்டிருக்கும். கையை உயர்த்தி, கூட்டத்தைப் பார்த்து, மூச்சு விடாமல் பேசும் ஒரு கிழவர். கிரேக்கத் தத்துவத் தாளை எடுக்கும் எனக்கு முதல் சிக்கலே அவர்தான்.

சாக்ரடீஸின் மாணவர் பிளேட்டோ தன் உரையாடல் நூல்களில் காட்டும் சாக்ரடீஸ் நீளமாகப் பேசுகிறவர்களைக் கண்டால் நெளிகிறார். ‘புரொட்டகோரஸ்’ உரையாடலில், அந்தப் பெயருள்ள புகழ்பெற்ற ஆசிரியர் ஒரு நல்ல பேச்சைப் பேசி முடித்துக் கைதட்டலும் வாங்கியபின், சாக்ரடீஸ், “எனக்கு மறதி அதிகம், நீளமாகச் சொன்னால் எதைப் பற்றிப் பேசினோம் என்பதே மறந்துவிடும், சுருக்கமாகப் பதில் சொல்லுங்கள்” என்கிறார். அது நக்கல் என்று அங்கேயே அவருடைய இளம் நண்பர் அல்சிபியாடிஸ் போட்டு உடைத்துவிடுகிறார். நக்கலோ இல்லையோ, அவர் வேண்டுவது அதைத்தான்: ஒரு கேள்வி, ஒரு பதில், அந்தப் பதிலிலேயே கொஞ்ச நேரம் நிற்பது. மேடைப் பேச்சைக் கேட்டு வளர்ந்த நமக்கு இது சுலபமாக வருவதில்லை. எனக்கும்தான்.

பாடத்திட்டமும் உதவுவதில்லை. தாலஸில் தொடங்கி அரிஸ்டாட்டில் வரை ஒரே செமஸ்டர். அதில் சாக்ரடீஸுக்கு அரை யூனிட். தேர்வில் ‘சாக்ரடீஸின் முறையை விளக்குக’ என்று பத்து மதிப்பெண் கேள்வி வரும். கைடில் உள்ளதை மனப்பாடம் செய்து, வகுப்பில் ஒரு கேள்விகூடக் கேட்காத பிள்ளை முழு மதிப்பெண் வாங்கிவிடும். “எத்தனை பாயிண்ட் எழுதணும் மேம்?” என்பதுதான் இந்தத் தலைப்பில் நான் அதிகம் கேட்ட கேள்வி.

ஆசிரியர் பயிற்சிகளில் சாக்ரடீஸ் முறை என்றாலே பிளேட்டோவின் ‘மெனோ’ உரையாடலை எடுத்துக்காட்டுவார்கள். அதில் சாக்ரடீஸ் ஒரு அடிமைச் சிறுவனிடம் கணக்குக் கேட்கிறார். பக்கம் 2 அடி உள்ள சதுரத்தின் பரப்பு 4. அதை இரண்டு மடங்காக்க, அதாவது 8 ஆக்க, பக்கம் எவ்வளவு இருக்க வேண்டும்? சிறுவன் 4 என்கிறான், பரப்பு 16 ஆகிவிடுகிறது. 3 என்கிறான், 9 வருகிறது. கடைசியில் மூலைவிட்டத்தின் மேல் சதுரம் வரைந்தால் சரியாக 8. கரும்பலகையில் செய்து காட்ட அருமையான பாடம், நானும் செய்வதுண்டு. ஆனால் அன்றாட வகுப்புக்கு இதை முன்மாதிரியாக எடுக்கக்கூடாது என்பது என் கட்சி. அங்கே சாக்ரடீஸுக்கு விடை முன்பே தெரியும். எனக்கும் தெரியும். கேட்பவருக்கு விடை தெரியும் என்று தெரிந்துவிட்டால் நம் பிள்ளைகள் சதுரத்தைப் பார்க்க மாட்டார்கள், என் முகத்தைப் பார்ப்பார்கள். புருவம் எப்போது ஏறுகிறது என்று பார்த்தே விடையைப் பிடித்துவிடுவார்கள். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பு கற்றுத் தந்த வித்தை அது.

அதனால் நான் பிளேட்டோவின் இன்னொரு உரையாடலான ‘லாகெஸ்’ பக்கம் போனேன். பாடத்திட்டத்தில் அது இல்லை. பிள்ளைகளுக்கு ஆயுதப் பயிற்சி கொடுக்கலாமா என்று இரண்டு அப்பாக்கள், லாகெஸ், நிகியாஸ் என்ற இரண்டு தளபதிகளிடம் யோசனை கேட்கிறார்கள். பேச்சு சாக்ரடீஸிடம் வந்ததும், ‘தைரியம் என்றால் என்ன?’ என்று மாறிவிடுகிறது. தைரியத்தைத் தொழிலாகக் கொண்ட இருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. கேட்டவருக்கும் தெரியாது. விடை இல்லாமலேயே முடிகிறது.

நூலைத் திறக்கும் முன் அதே கேள்வியை வகுப்பில் வைப்பேன். “பயந்து ஓடாம நிக்கிறது” என்று யாராவது சொல்லிவிடுவார்கள். லாகெஸின் முதல் பதிலும் ஏறக்குறைய அதுதான். பின்வாங்கிக்கொண்டே போரிடும் சிதியர்கள் என்ற குதிரைவீரர் இனத்தார் கோழைகளா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். அடுத்து லாகெஸ், மனம் தளராமல் தாங்குவது என்கிறார். அப்படியானால் நீந்தத் தெரிந்து கிணற்றில் குதிப்பவனைவிடத் தெரியாமல் குதிப்பவன் அதிக தைரியசாலியா? இந்த இடத்தில் ஒருமுறை ஒரு மாணவி, கடலோரக் குடும்பத்துப் பெண், குறுக்கே வந்தாள். “புயல் எச்சரிக்கைன்னா எங்கப்பா கடலுக்குப் போகமாட்டார் மேம். போறவங்க அவரைக் கிண்டல் பண்ணுவாங்க. அவர் கோழையா?” யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. போனவர்களில் ஒருவர் கடன் கட்டுவதற்காகப் போனார் என்றும் அவளே சொன்னாள். அப்போது விஷயம் இன்னும் சிக்கலானது. என் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அங்கே எதுவும் கிடைத்திருக்காது. என்னிடம் விடை இல்லை.

நிகியாஸ் சொல்வது இன்னும் நுட்பமானது: எதற்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்சத் தேவையில்லை என்று அறிவதே தைரியம். மாணவர்களில் பெரும்பாலோருக்கு இது பிடித்துவிடும். அப்போதுதான் வரலாற்றைச் சொல்வேன். கி.மு. 413-இல் சிசிலியில் ஏதென்ஸ் படைக்குத் தலைமை ஏற்றிருந்தவர் இதே நிகியாஸ். பின்வாங்கத் தயாரான நேரத்தில் சந்திர கிரகணம் வந்தது. குறிசொல்பவர்கள் மூன்று ஒன்பது நாள், அதாவது 27 நாள், காத்திருக்கச் சொன்னார்கள். அவர் காத்திருந்தார். படை அழிந்தது, அவரும் கொல்லப்பட்டார். அந்தக் கால வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் இதை எழுதியிருக்கிறார். பிளேட்டோவை முதலில் வாசித்தவர்களுக்கும் இந்த முடிவு தெரியும். தெரிந்தேதான் பிளேட்டோ, தளபதிதான் குறிசொல்பவனுக்குக் கட்டளையிட வேண்டும், குறிசொல்பவன் தளபதிக்கு அல்ல என்ற சட்டத்தை நிகியாஸின் முன்னாலேயே சாக்ரடீஸைப் பேச வைக்கிறார். அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தாலும் எனக்குச் சிலிர்க்கும்.

வரையறையைச் சரியாகச் சொன்ன ஆள், நேரம் வந்தபோது எதற்கு அஞ்சக்கூடாதோ அதற்கு அஞ்சினார். அப்படியென்றால் வரையறை தப்பா, ஆள் தப்பா? இதற்கு மேல் நான் வகுப்பை நடத்த வேண்டியதே இல்லை, அவர்களே அடித்துக்கொள்வார்கள். அரை யூனிட்டுக்கு ஒதுக்கிய நேரம் இதில் காலியாகிவிடும். அரிஸ்டாட்டிலின் நான்கு காரணங்களை அப்புறம் ஓட்டமாக ஓட வேண்டியிருக்கும். பரவாயில்லை, அதற்குக் கைடு இருக்கிறது.

வகுப்புக்கு வெளியே பிளேட்டோவின் சாக்ரடீஸ் அவ்வளவாக உதவுவதில்லை. வீட்டில் “நியாயம் என்றால் என்ன?” என்று தொடங்கினால் யாரும் சாப்பாடு போட மாட்டார்கள். அன்றாடப் பேச்சுக்கு, சாக்ரடீஸைப் பற்றி எழுதிய இன்னொரு சீடர் செனஃபோனின் சாக்ரடீஸ்தான் தோது. தத்துவ அறிஞர்கள் செனஃபோனைக் கொஞ்சம் மட்டமாகப் பார்ப்பார்கள், ஆழம் போதாது என்று. ஆனால் அம்மாவோடு சண்டை போட்ட மகன், பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பி என்று அங்கே வருகிறவர்கள் எல்லாம் நம் தெருவில் இருப்பவர்கள். அதில் அரிஸ்டார்கஸ் என்று ஒருவர். உள்நாட்டுச் சண்டையில் தஞ்சம் புகுந்த பெண்களால் வீட்டில் 14 பேர், வருமானம் இல்லை. இவர்கள் வேலை செய்யலாமே என்றால், அடிமைகளா என்ன, என் உறவினர்கள் ஆயிற்றே என்கிறார். சுதந்திரமானவர்கள் என்றால் சாப்பிட்டுத் தூங்க மட்டும்தானா என்று சாக்ரடீஸ் கேட்கிறார். கடன் வாங்கிக் கம்பளி வாங்கிப் போடுகிறார்கள், வீடு நிமிர்கிறது.

கல்லூரியை விட்டுவிடுகிறேன் என்று வந்த ஒரு மாணவனிடம் இந்தக் கதையைச் சொல்லாமல், அதன் கேள்விகளை மட்டும் கேட்டேன். ஃபீஸ் கட்ட வழியில்லை, கேட்டரிங் வேலைக்குப் போகலாம், ஆனால் சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்கள் என்றான். எந்தச் சொந்தக்காரர்? பெரியப்பா. அவர் கல்யாண மண்டபத்துக்கு வருவாரா? வருவார். வந்தால் என்ன சொல்வார்? யோசித்துவிட்டு, “சாம்பார் கேப்பார் மேம்” என்றான். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறான். திங்கள் முதல் பீரியடில் தூங்கிவிழுகிறான், நான் எழுப்புவதில்லை.

இன்டர்னல் தேர்வுக்கு, ‘நிகியாஸின் பதிலில் உங்களுக்கு ஏற்பில்லாத இடம் எது? ஏன்?’ என்று ஒரு கேள்வி வைத்தேன். வினாத்தாளோடு விடைக்குறிப்பும் கொடுக்க வேண்டும் என்பது விதி. ‘காரணம் பொருந்தினால் மதிப்பெண்’ என்று எழுதிக் கொடுத்தேன், திரும்பி வந்தது. இப்போதெல்லாம் மூன்று பதில்களை நானே எழுதி, நான்காவதாக ‘இவை தவிர வேறு எதுவும்’ என்று சேர்த்துவிடுகிறேன். அது கையெழுத்தாகி வந்துவிடுகிறது.