கையை விட்டால் ஸ்டியரிங் திரும்ப வேண்டும்: வீட்டில் கட்டிய காரும் ஐவிஏ சோதனையும்

சோதனை மையத்து முற்றத்தில் என் காரை மெதுவாக வட்டமாக ஓட்டிய ஆய்வாளர், ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். தானாக நடுவுக்குத் திரும்ப வேண்டிய ஸ்டியரிங் அசையவே இல்லை. கார் பாட்டுக்கு வட்டமடித்தது. ஒரு சுற்று, இரண்டாவது சுற்று. வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது, சோதனைக்குக் கட்டிய 450 பவுண்டு போச்சு.

இது இங்கிலாந்தில் நடந்த கதை. வீட்டில் கட்டிய காரை இங்கே சாலையில் ஓட்ட வேண்டுமானால் முதலில் ஐவிஏ என்கிற தனி வாகன ஒப்புதல் சோதனையில் தேற வேண்டும், அப்புறம்தான் பதிவு. என்னுடையது லோட்டஸ் செவன் என்ற பழைய ஸ்போர்ட்ஸ் காரின் பாணியில் நாமே கட்டிக்கொள்கிற கிட் கார். டோனர், அதாவது பாகங்களைக் கழற்றி எடுக்க வாங்கிய பழைய கார், ஒரு 1996 மஸ்டா எம்எக்ஸ்-5, எஞ்சின் 1.8 லிட்டர். கதவுக்கடியில் துரு தின்று போயிருந்ததால் மலிவாகக் கிடைத்தது. கட்டி முடிக்க இரண்டேகால் வருடம் ஆனது, அதெல்லாம் சந்தோஷமான கதை. வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸைக் கொண்டுவந்து கராஜில் இறக்கினேன், கட்டினேன், எஞ்சின் முதல் சாவியிலேயே உயிர் பெற்றது, அவ்வளவுதான். வயிற்றில் புளியைக் கரைத்ததெல்லாம் அதற்குப் பிறகு நடந்தவை.

முதலில் காகிதம். டோனர் வண்டியை விற்றவர் பதிவுச் சான்றிலிருந்து வாங்குபவருக்கான பச்சைத் துண்டைக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டு, "மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். பார்த்துக்கொள்ளவில்லை. என் பெயருக்குச் சான்று வரவே இல்லை என்பதை நான் கவனித்தது இரண்டு வருடம் கழித்து, விண்ணப்பத்துக்குக் காகிதங்களை அடுக்கியபோதுதான். வி62 படிவத்தோடு அந்தப் பச்சைத் துண்டையும் வைத்து அனுப்பினால் புதுச் சான்றுக்குக் கட்டணம் கிடையாது. துண்டு இல்லையென்றால் 25 பவுண்டு. என் துண்டைப் பத்திரமான இடத்தில் வைத்திருந்தேன். எது அந்தப் பத்திரமான இடம் என்பதுதான் மறந்துவிட்டது. 25 பவுண்டு கட்டி ஐந்து வாரம் காத்திருந்தேன். சான்று வந்த மறுநாள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் வந்த அட்டைப்பெட்டியின் அடியில் பச்சையாக ஏதோ தெரிந்தது. "என்னங்க, இதைத்தானே தேடினீங்க?" என்று எடுத்துக் கொடுத்தது மனைவி. அவர் முகத்தில் இருந்த சிரிப்பை இங்கே எழுத முடியாது.

அந்தச் சான்றுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், புதுச் சேஸிஸில் டோனரிலிருந்து குறைந்தது இரண்டு முக்கியப் பாகங்கள் போயிருக்கின்றன என்று காட்டினால்தான் அந்த டோனரின் வயதுக்குரிய பதிவு எண் கிடைக்கும். காட்ட முடியாவிட்டால் 'க்யூ' எண். வண்டியின் வயதோ அடையாளமோ தெரியவில்லை என்று அந்த ஒற்றை எழுத்தே ஊருக்குச் சொல்லிவிடும். விற்கப் போனால் விலையும் இறங்கும். புகைச் சோதனையும் இதில் மாட்டிக்கொள்கிறது. எஞ்சின் எந்த வருடத்தையது என்பதற்குச் சான்று இருந்தால் அந்த வருடத்துக்கான அளவை வைத்துச் சோதிப்பார்கள், இல்லையென்றால் இன்றைய புது வண்டிக்கான அளவுதான். 1996 எஞ்சினை வைத்துக்கொண்டு அதைத் தாண்டுவது நடக்காத காரியம். ஆகவே டோனர் வாங்குகிற அன்றே சான்று உங்கள் பெயருக்கு மாறட்டும். எஞ்சினைக் கழற்றுவதற்கு முன் அதன் எண்ணையும் சான்றில் இருக்கும் எண்ணையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று, வண்டியை நீங்களே கட்டினீர்கள் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். ரசீது, படம் எல்லாம் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். என்னிடம் அறுநூறு படம் இருந்தது. வெல்டிங் படம், வயர் படம், பெயிண்ட் படம். எடுத்ததெல்லாம் நான் என்பதால் நான் மட்டும் எதிலும் இல்லை. மகள் விளையாட்டாக, "அப்பா காரு கீழ தூங்குறாரு" என்று எடுத்து வைத்திருந்த பதினோரு படம்தான் கைகொடுத்தது.

காப்பீடு இன்னொரு கூத்து. முன்பே நாள் குறித்த சோதனைக்கு என்றால் பதிவாகாத வண்டியைச் சாலையில் ஓட்டிப் போகலாம், ஆனால் சேஸிஸ் எண்ணின் பேரில் காப்பீடு வேண்டும். நான் முதலில் கூப்பிட்ட நிறுவனத்தில் ஒரு பெண் வண்டி எண்ணைக் கேட்டார். இன்னும் எண் வரவில்லை என்றேன். எண் இல்லாமல் கணினி அடுத்த பக்கத்துக்குப் போகாது என்றார். எண் வாங்கத்தான் சோதனைக்குப் போகிறேன், சோதனைக்குப் போகத்தான் காப்பீடு கேட்கிறேன் என்றேன். "புரிகிறது சார். வண்டி எண் என்ன?" என்றார். நாற்பது நிமிடம் போனது. கிட் கார்களுக்கென்றே காப்பீடு தருகிறவர்கள் இருக்கிறார்கள், நேராக அவர்களிடம் போங்கள். சேஸிஸ் எண் என்றதும் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்கள்.

இனி விளிம்பு. ஐவிஏவுக்குத் தயாராவது என்றால் பாதி வேலை இதுதான். வண்டியின் வெளிப்புறத்தில் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருண்டை போய்த் தொடக்கூடிய விளிம்பு எல்லாம் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரத்துக்கு வளைந்திருக்க வேண்டும். உள்ளே தலை மோதக்கூடிய பகுதிக்கு 165 மில்லிமீட்டர் உருண்டை. செவன் பாணி வண்டியில் முன் சஸ்பென்ஷன் முழுக்க வெளியே தெரிவதால் ஒவ்வொரு நட்டுக்கும் பிளாஸ்டிக் தொப்பி, ஒவ்வொரு தகட்டுக்கும் ரப்பர் விளிம்பு. பொம்மைக் கடையில் அந்த அளவுக்கு ஒரு பந்து வாங்கி, ஒரு சனிக்கிழமை முழுக்க வண்டி மேல் உருட்டினேன். எதிர்வீட்டுக் கிழவர் வெகுநேரம் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத் திரையை இழுத்துக்கொண்டார்.

பிரேக் குழாயை 300 மில்லிமீட்டருக்கு ஒரு கிளிப் வைத்துப் பிடித்தேன். பெட்ரோல் மூடியைச் சங்கிலி போட்டுக் கட்டினேன். விளக்கு, கண்ணாடி எல்லாவற்றிலும் தர ஒப்புதலைக் காட்டும் 'ஈ' முத்திரை இருக்கிறதா என்று பார்த்தேன். இவற்றில் ஒன்றும் சிக்கலில்லை.

ஓட்டிப் போகக் காப்பீடு இருந்தும் தைரியம் வரவில்லை. டிரெய்லர் வாடகைக்கு எடுத்து, காலை ஐந்து மணிக்கு மழையில் வண்டியை ஏற்றிக் கிளம்பினேன். சோதனை நாலு மணி நேரத்துக்கு மேல் நடந்தது. சத்தச் சோதனையை நினைத்துத்தான் இரவெல்லாம் தூக்கமில்லை. உச்ச சக்தி தரும் வேகத்தில் முக்கால் பங்கு, என் எஞ்சினுக்கு 4,900 சுற்று வாக்கில், 99 டெசிபலைத் தாண்டக் கூடாது. 97. புகையும் சரி. எதற்குப் பயந்தேனோ அதெல்லாம் தாண்டிவிட்டது. தோற்றது மூன்றில்.

ஒன்று, நம்பர் பிளேட் மாட்டுகிற தகட்டின் அடி விளிம்பு. இன்னும் பிறக்காத எண்ணுக்கு நானே வெட்டி மாட்டிய தகடு. பந்தை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் உருட்டிய நான் கீழிருந்து உருட்டவில்லை. ஆய்வாளர் மண்டியிட்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு எழுந்தார், வாயைத் திறக்கவில்லை.

இரண்டு, வேகமானி. ஜிபிஎஸ்ஸை வைத்து மைல் பிசகாமல் சரிசெய்து வைத்திருந்தேன், பெருமையாக. அங்கேதான் தப்பு. மானி உண்மையான வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. கூட்டிக் காட்டினால் உண்மை வேகத்தில் பத்து சதவீதத்தோடு 6.25 மைல் வரை விட்டுவிடுவார்கள். அவர்களுடைய உருளை மேல் 70 மைலில் என் மானி 69 காட்டியது. நல்ல பிள்ளையாக இருக்கப் பார்க்காதீர்கள், மூன்று நாலு மைல் கூட்டியே வையுங்கள்.

மூன்றாவதுதான் ஸ்டியரிங். இது என் சோம்பேறித்தனத்துக்குக் கிடைத்த அடி. டோனரில் இருந்தது பவர் ஸ்டியரிங் ரேக், அதாவது எண்ணெய் அழுத்தத்தின் உதவியோடு சக்கரங்களைத் திருப்புகிற பல்தண்டு. பம்ப்பைக் கழற்றிவிட்டு, ரேக்கின் இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் சாதா ஸ்டியரிங் ஆகிவிடும் என்று பலர் செய்வதைப் பார்த்து நானும் செய்தேன். ஓடத்தான் செய்தது. ஆனால் உள்ளே பிஸ்டன் சீல் அப்படியே இருக்கும், திருப்புகிற ஒவ்வொரு முறையும் அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டே நகர வேண்டும். அறுநூறு கிலோவைத் தொடாத வண்டி, முன்சக்கரத்தின் மேல் பாரமே இல்லை. ஸ்டியரிங்கைத் திருப்பிக் கொண்டுவரச் சக்கரத்துக்கு இருக்கும் கொஞ்ச நஞ்ச விசையையும் அந்த எண்ணெய் விழுங்கிவிட்டது. கராஜ் வாசலிலேயே ஒரு வட்டம் அடித்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

ஆய்வாளர் மேல் எனக்கு வருத்தமில்லை. தாளைக் கையில் கொடுத்துவிட்டு, எந்தெந்த இடம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். "ரேக்கைப் பிரித்துப் பாருங்கள்" என்று மட்டும் சொன்னார். திரும்பி வரும் வழியெல்லாம் டிரெய்லர் கடகடவென்றது, நான் வானொலியைக்கூடப் போடவில்லை.

ரேக்கைக் கழற்ற ஒரு நாள், பிரித்து அந்தச் சீலை வெட்டி எடுத்து, எண்ணெய்க்குப் பதில் கிரீஸ் போட்டு மாட்ட இன்னொரு நாள். கூடவே சக்கரத்தைத் தாங்கும் மேல் கையான விஷ்போனைப் பின்னுக்கு இழுத்து, சக்கரம் திரும்புகிற அச்சு பின்னுக்குச் சாயும் காஸ்டர் கோணத்தை நாலிலிருந்து ஆறு டிகிரிக்கு மேல் ஏற்றினேன். ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்துத் தொழிற்பேட்டையில் அனுமதி கேட்டு ஆளில்லாத முற்றத்தில் வட்டமடித்துக் கையை விட்டேன். ஸ்டியரிங் தானாகச் சுழன்று நடுவுக்கு வந்தது. யாருமில்லாத இடத்தில் நான் மட்டும் கத்தினேன்.

மறுசோதனைக்கு 90 பவுண்டு, அரை மணி நேரம். தேறியாயிற்று. இந்த முறை டிரெய்லர் இல்லை, ஓட்டியே போய் ஓட்டியே வந்தேன். பிறகு ஒப்புதல் சான்று, கட்டிய வண்டிக்கான வி627/1 படிவம், டோனரின் சான்று, காப்பீடு, 55 பவுண்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். ஒவ்வொரு தாளையும் நகலெடுத்த பிறகுதான். 'க்யூ' வரவில்லை, 1996க்கு உரிய எண்ணே வந்தது.

நட்டுத் தொப்பி இருநூறு வாங்கினேன், நூற்று நாற்பதுதான் செலவானது. மீதி அறுபதும் கராஜில் சும்மா கிடக்கிறது. 100 மில்லிமீட்டர் பந்தும் ஒன்று இருக்கிறது, நாய் ஒரு பக்கம் கடித்திருக்கிறது. யாராவது கட்டிக்கொண்டிருந்தால் கேளுங்கள், தபால் செலவு மட்டும் கொடுத்தால் போதும்.