எக்ஸ்ரே நார்மல், மணிக்கட்டு வலி மட்டும் போகவில்லை

மழைக்காலத்தில் குன்னூர், கோத்தகிரி தேயிலைச் சரிவுகளில் வழுக்குகிறவர்கள் பெரும்பாலும் உள்ளங்கையை ஊன்றித்தான் விழுகிறார்கள். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை என்றதும் சுளுக்கு என்று உருவிவிடப் போய்விடுகிறார்கள். பிசியோதெரபிக்கு எங்களிடம் வரும்போது பலருக்கு மாதங்கள் ஓடியிருக்கும். எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். குருத்தெலும்பையும் ஜவ்வையும் காட்டாது.

வலிக்கும் இடத்தை விரல்நுனியால் தேடுங்கள். சுண்டுவிரல் பக்கம் புடைத்த எலும்பு முனையை ஒட்டிய குழியில் சுள்ளென்றால், ஈரத்துணி பிழியும்போதும் சாவி திருகும்போதும் அதே வலி வந்தால், டிஎஃப்சிசி (TFCC) எனப்படும், மணிக்கட்டின் சுண்டுவிரல் பக்கக் குருத்தெலும்பைச் சந்தேகிக்க வேண்டும். புறங்கைப் பக்கம் மணிக்கட்டின் நடுவில் வலி, பிடியில் பலமில்லை, அசைத்தால் ‘களுக்’ என்றால் ஸ்கேஃபோலூனேட் ஜவ்வு, அதாவது மணிக்கட்டின் ஸ்கேஃபாய்டு, லூனேட் என்ற இரண்டு சிறு எலும்புகளைப் பிணைக்கும் ஜவ்வு. கட்டைவிரல் அடிக்குழியில் வலித்தால் முறிவே முதல் எக்ஸ்ரேயில் தப்பியிருக்கலாம். 10 முதல் 14 நாளில் மறுபடி எடுக்க வேண்டும்.

ஸ்கேஃபோலூனேட் ஜவ்வுச் சந்தேகத்துக்கு முஷ்டியை இறுக்கி, இரண்டு கைக்கும் எக்ஸ்ரே கேளுங்கள். அந்த இரு எலும்புகளின் இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டினால் கை அறுவை நிபுணரிடம் உடனே போகவேண்டும். முழுதாக அறுந்த ஜவ்வை முதல் சில வாரங்களில் தைத்து, கம்பி போட்டு நிறுத்தலாம். தள்ளிப்போட்டால் முனைகள் சுருங்கி, எலும்புகள் இடம் மாறி, மூட்டுத் தேய்மானம் வரும். எம்ஆர்ஐ சிறு கிழிசலைத் தவறவிடக்கூடும்; உறுதி சொல்வது மூட்டுக்குள் சிறு கேமரா விட்டுப் பார்க்கும் ஆர்த்ரோஸ்கோப்பி.

டிஎஃப்சிசியின் கதை வேறு. ஓரத்துக்கு ரத்த ஓட்டம் உண்டு, அதனால் அங்கே கிழிசல் ஆறும். நடுப்பகுதிக்கு இல்லை, ஆறாது. வலி நீடித்தால் கிழிந்ததைச் சீவி எடுப்பார்கள். முன்கை எலும்புகள் மணிக்கட்டருகே சேரும் மூட்டு தளராதவர்களுக்கு முதலில் 4 முதல் 6 வாரம் ஸ்பிளின்ட்தான். இங்கேதான் அதிகம் தவறு நடக்கிறது: மணிக்கட்டு வரை மட்டும் கட்டினால் முன்கை திரும்பிக்கொண்டே இருக்கும், கிழிசலும் இழுபடும். அந்த மூட்டு தளர்ந்திருந்தால் முழங்கைக்கு மேல்வரை கட்டு வேண்டும். ஸ்டீராய்டு ஊசி வலியைக் குறைக்கும், கிழிசலை ஒட்டாது.

கட்டோடு கோயம்புத்தூர் போய்வரும்போது மலைப்பாதை வளைவுகளில் பஸ் கம்பியை அந்தக் கையால் பிடிக்கவே கூடாது. விரல்களை மட்டும் முதல் நாளிலிருந்தே மடக்கி நீட்டுங்கள்.

கட்டுப் பிரித்ததும் முதலில் அசைவு, பிறகே பலம். எடை மிஷினில் உள்ளங்கையை ஊன்றி அழுத்தி, மறுகையோடு ஒப்பிடுங்கள். வலியில்லாமல் கிட்டத்தட்ட அதே கிலோ வந்தால் கொழுந்து கிள்ளலாம். கொழுந்து வெட்டும் கத்தரி அதற்குப் பிறகு, கவாத்துக் கத்தி எல்லாவற்றுக்கும் கடைசியில்.