ஒரே பாஸ்போர்ட்டை இரண்டு இடங்களில் கேட்டபோது

உகாண்டாவிலுள்ள ஒரு மிஷன் பள்ளியில் நான் கணித ஆசிரியராகவும், அதே வளாகத்து மருத்துவமனையில் என் மனைவி செவிலியராகவும் பணியாற்ற அழைப்பு வந்தபோது, எங்களுக்கு இருந்த கவலையெல்லாம் இதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான். அம்மா இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் காலையில், "எப்பப்பா கெளம்பணும்?" என்று கேட்டார். வீட்டுப் பிரச்சினை அத்துடன் தீர்ந்தது. தீராமல் எங்களை ஏழு மாதம் பொறையாருக்கும் தஞ்சாவூருக்கும் சென்னைக்குமாக அலைய வைத்தவை காகிதங்கள். அழைப்பைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் சபைகளில் பலர் சாட்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். சான்றிதழ்கள் உண்மையானவை என்று அரசு இடும் சான்றொப்பத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறந்ததில்லை என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தடுமாற்றத்துக்கு நானே காரணம். என் பாஸ்போர்ட் 2017-இல் எடுத்தது. முகவரியில் நாகப்பட்டினம் மாவட்டம் என்றிருக்கும். 2020-ஆம் ஆண்டின் இறுதியில் மயிலாடுதுறை தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியபோது எங்கள் தரங்கம்பாடி வட்டம் அதனுடன் போய்விட்டது. ஆதாரில் மாற்றிக்கொண்ட நான் பாஸ்போர்ட்டை அப்படியே விட்டுவிட்டேன். காவல்துறை நன்னடத்தைச் சான்றுக்கு விண்ணப்பித்தபோது, பாஸ்போர்ட்டில் உள்ளபடிதான் எழுத வேண்டும் போலும் என்று நினைத்து நாகப்பட்டினம் என்றே நிரப்பினேன். 500 ரூபாய் கட்டணம், தஞ்சாவூர் சேவை மையத்தில் அரை மணி நேர வேலை, எல்லாம் சுமுகமாகவே முடிந்தன. அதன்பின் கோப்பு மூன்று வாரம் அசையவில்லை. ஓர் அலுவலகத்தில், "உங்க ஸ்டேஷன் எங்க லிமிட்ல வராதுங்க" என்றார்கள். மற்றோர் அலுவலகத்தில், "ஃபைலே எங்களுக்கு வரலீங்களே" என்றார்கள். இரண்டும் உண்மைதான் என்பதால் யாரிடமும் கோபித்துக்கொள்ளவும் வழியில்லை. கடைசியில் ஆதாரிலுள்ள முகவரியைக் கொண்டு புதிதாக விண்ணப்பித்தேன். நம் பகுதியில் இருந்து புறப்படுகிறவர்கள் வேறெதையும் தொடங்குவதற்கு முன்னால் பாஸ்போர்ட்டில் மாவட்டத்தின் பெயரைப் பார்த்துவிடுங்கள்.

விசாரணைக்கு வந்த காவலர், "மதம் மாத்துற வேலையா சார்?" என்று நேராகவே கேட்டார். நியமனக் கடிதத்தைக் காட்டி, மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார் வேலை என்றேன். "அங்கயும் பசங்க கணக்குலதான் ஃபெயிலாவாங்களா?" என்று கேட்டுவிட்டுக் கையெழுத்திட்டார். மிஷன் என்ற சொல்லை மறைத்து, சுற்றுலா விசாவில் போய் இறங்கிவிட்டு அங்கே பார்த்துக்கொள்ளலாம் என்று யோசனை சொன்ன நண்பர்களும் இருந்தார்கள். அந்த யோசனையை யாரும் கேட்க வேண்டாம். பிடிபட்டால் அழைத்த பள்ளிக்கும் சேர்த்துத்தான் கெட்ட பெயர்.

அடுத்தது 'எச்' என்ற ஓர் ஆங்கில எழுத்து. என் தகப்பனாரின் பெயர் பட்டச் சான்றிதழில் 'எச்' இல்லாமலும், பாஸ்போர்ட்டில் 'எச்' சேர்த்தும் இருக்கிறது. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே 'த'தான். சான்றிதழ்களைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்த எழுத்தர், "இது உங்க அப்பாதான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். அப்பா மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆலயத்தின் ஞானஸ்நானப் பதிவேட்டில் ஆதாரம் கிடைக்கும் என்று ஆயரிடம் போய் ஒரு மாலை முழுவதும் தேடினோம். பெயர் கிடைத்தது, அழகான கையெழுத்தில், பிழையின்றி, தமிழில் மட்டும் இருந்தது. 'எச்' உண்டா இல்லையா என்று கேட்கிறவருக்கு அதை வைத்து என்ன சொல்ல முடியும்? இறுதியில், இரண்டு பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் எடுத்த உறுதிமொழிப் பத்திரத்தால் வேலை நடந்தது. அந்தப் பத்திரத்தில் குறைந்தது மூன்று மூலப்பிரதிகள் எடுத்து வையுங்கள். ஒவ்வோர் இடத்திலும் மூலத்தையே கேட்டு வாங்கி வைத்துக்கொள்கிறார்கள்.

இனிச் சொல்லப் போவதுதான் இன்னும் எனக்கு ஆறாதது. சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகத்தின் ஒப்பம் பெற வேண்டும். நேரம் இல்லாததால் முகவர் ஒருவரிடம் கொடுத்தேன். எல்லாவற்றுக்கும் 'அப்போஸ்டில்' வாங்கித் தருவதாகச் சொன்னார். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்போஸ்தலருக்கும் இதற்கும் ஏதோ சம்பந்தம் என்று நினைத்து அம்மா மகிழ்ந்தார். சம்பந்தம் ஒன்றும் இல்லை. அது ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள் தமக்குள் ஏற்றுக்கொள்ளும் ஒரே முத்திரை. இந்தியா அதில் சேர்ந்தது 2005-இல். உகாண்டா சேரவில்லை. சேராத நாட்டுக்குப் போகிறவர் அமைச்சகத்தின் சாதாரணச் சான்றொப்பத்தைப் பெற்று, அதன்மேல் அந்த நாட்டின் தூதரக ஒப்பத்தையும் பெற வேண்டும். இந்த வேறுபாட்டை அறிந்திருக்க வேண்டியவர் முகவர். அறியாமல் பணம் கொடுத்தவன் நான். ஒட்டுவில்லைகளுடன் பளபளவென்று திரும்பி வந்த சான்றிதழ்களின் படத்தை உகாண்டாவுக்கு அனுப்பினேன். அங்கிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: தூதரக ஒப்பம் எங்கே? மறுபடியும் பணம், மறுபடியும் டெல்லி, மறுபடியும் ஐந்து வாரம். போகும் நாடு அந்த உடன்படிக்கையில் இருக்கிறதா என்பதை முகவரிடம் கேட்காதீர்கள், நீங்களே பாருங்கள்.

இரண்டாம் முறை அனுப்பியபோது அதே முகவர், "தூதரகத்துல கேட்டாலும் கேப்பாங்க" என்று சொல்லி எங்கள் இருவரின் அசல் பாஸ்போர்ட்டுகளையும் வாங்கிக்கொண்டார். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக்கு நாள் குறித்திருந்தது அந்த வாரத்தில்தான். உகாண்டாவுக்குள் நுழைய இந்த ஊசி கட்டாயம். ஊசி போட்டதற்குக் கொடுக்கும் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் இந்திய விமான நிலையத்திலும் ஆறு நாள் வரை தனிமையில் வைப்பார்கள். மருந்துக் குப்பியைக் கரைத்துவிட்டால் ஆறு மணி நேரத்துக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு குப்பியில் பலருக்கான மருந்து இருக்கும். ஆகவே ஆள் சேர்த்து, குறிப்பிட்ட நாள்களில் மட்டும் போடுகிறார்கள். இவ்வளவும் தெரிந்துகொண்டு, உழவன் எக்ஸ்பிரஸில் இரவெல்லாம் பயணம் செய்து, விடியற்காலை எழும்பூரில் இறங்கிப் பல்கூடத் துலக்காமல் போய் வரிசையில் நின்றோம். நான்கு மணி நேரம் கழித்து எங்கள் முறை வந்தபோது, அசல் பாஸ்போர்ட் எங்கே என்று கேட்டார்கள். நகலைக் காட்டினேன். அட்டையில் பாஸ்போர்ட் எண்ணை அசலைப் பார்த்துத்தான் எழுதுவார்களாம். என் மனைவி தாமும் செவிலியர் என்று சொல்லிப் பார்த்தாள். "அப்ப ஒங்களுக்கே தெரிஞ்சிருக்கணுமே" என்று பதில் வந்தது. அன்றிரவே மாயவரம் திரும்பினோம். பின்னர் டெல்லியில் இருந்து வந்த உறையைப் பிரித்தபோது, தூதரகத்துக்குப் பாஸ்போர்ட்டின் நகலே போதுமானதாக இருந்திருக்கிறது என்று தெரிந்தது. அசல் அத்தனை நாளும் முகவரின் மேசை இழுப்பறையில் இருந்தது.

இரண்டாம் பயணத்தில் ஊசி போட்டுக்கொண்டோம். அட்டை பத்தாம் நாளில் இருந்துதான் செல்லும். அதனால் விமானச் சீட்டு எடுக்கும்முன் நாளை எண்ணிப் பாருங்கள். இப்போது அது ஆயுளுக்கும் செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை என்று பழையவர்கள் சொல்வது 2016-உடன் மாறிவிட்டது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்கள் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். கொசுவைப் பற்றி எங்களுக்குத் தெரியாததா என்று எண்ணி மலேரியா மாத்திரையை அலட்சியம் செய்ய இருந்தேன், மனைவி விடவில்லை.

தரங்கம்பாடிக்காரன் என்பதால் அந்த நான்கு மணி நேர வரிசையில் ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்குவை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1706 ஜூலை 9-இல் எங்கள் கடற்கரைக்கு வந்த அவரை, அப்போது எங்கள் ஊரை அரசாண்ட டேனியத் தளபதியே நான்கு மாதம் சிறையில் வைத்தார். அவர் அடைபட்ட ஊரிலேயே பிறந்த எனக்கு, ஒரு கவுண்டரில் எழுந்த ஆத்திரம் சற்று வெட்கமாகத்தான் இருந்தது. ஆத்திரம் அதனால் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

மற்றவை எளிதாகவே நடந்தன. மனைவியின் செவிலியர் பதிவுச் சான்று, வங்கிக் கணக்கு, நிலத்தைக் குத்தகைக்கு விடுவது என எல்லாம் ஒரு மாதத்துக்குள் முடிந்தன. பணம் சம்பந்தமாக ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். சபையின் அறக்கட்டளை வழியாக மாதந்தோறும் எங்களைத் தாங்குவதாகச் சிலர் வாக்களித்திருந்தார்கள். இந்தியாவில் பதிவான அறக்கட்டளை வெளிநாட்டில் செய்யும் செலவுக்கு வருமான வரி விலக்கு எளிதில் கிடைக்காது என்று பொருளாளர் சுட்டிக்காட்டினார். அப்போது அவர்மேல் எரிச்சல் வந்தது, இப்போது நன்றிதான். ஊதியத்தை அங்குள்ள பள்ளியே கொடுப்பதாக எழுத்தில் வாங்கிக்கொண்டோம்.

அனுப்புதல் ஆராதனை சென்ற ஞாயிறு முடிந்தது. நேற்று உரக்கடைத் தராசில் பெட்டிகளை நிறுத்தோம். ஒன்றுக்கு 23 கிலோதான் அனுமதி. அம்மா கட்டிக்கொடுத்த மோர்மிளகாயும் வடகமும் சேர்ந்து என் பெட்டி ஒன்றரைக் கிலோ கூடிவிட்டது. சான்றிதழ்க் கோப்பைத் தனியே நிறுத்துப் பார்த்தால் அதுவே இரண்டு கிலோவுக்கு மேல் வந்தது. கோப்பை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். எப்படியும் இனி அதைப் பெட்டியில் போட்டு யாரிடமும் கொடுப்பதாக இல்லை.