ட்யூன் சாரோடது, வாசிச்சது நீ

ஒரு உளவாளிப் படத்தின் தீமுக்குக் கிட்டார் வாசித்த தம்பி, அதில் தன்னுடையது எவ்வளவு என்று கேட்டான். அதற்கு நான் சொன்ன பதிலில் பொய் இல்லை. "ட்யூன் சாரோடது தம்பி, வாசிச்சது நீ" என்றேன். சார் என்றால் படத்தின் இசையமைப்பாளர். அவர் போடும் ட்யூனை எந்த வாத்தியம் எப்படி வாசிக்க வேண்டும் என்று அமைத்துக் கொடுக்கிற அரேஞ்சர் நான். இன்றைக்கு யார் கேட்டாலும் இதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்த உளவாளிப் படத்தின் தீம் எங்கேயாவது ஒலித்தால் எனக்கு அவன் முகம்தான் வருகிறது. "சரிண்ணே" என்றான், கிட்டாரைப் பெட்டியில் வைத்தான், கிளம்பிவிட்டான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உளவாளிப் படத்துக்கு ரீ-ரெக்கார்டிங் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. எடிட்டிங்கிலேயே டெம்ப் டிராக்காக, அதாவது நம் இசை வரும்வரை தற்காலிகமாக, ஜேம்ஸ் பாண்ட் தீமை வைத்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் அதைக் கேட்டு டைரக்டரின் காது பழகிப்போகும். அப்புறம் நம்மிடம் வந்து "அதே ஃபீல் வேணும், ஆனா அது மாதிரி இருக்கக் கூடாது" என்பார்கள். அந்தத் தீமின் அடியில் ஊர்ந்துகொண்டே இருக்கும் ஸ்வரங்கள் நான்குதான். பஞ்சமம், சுத்த தைவதம், சதுச்ருதி தைவதம், மறுபடியும் சுத்த தைவதம். அதன் பக்கத்தில் போனாலே கண்டுபிடித்துவிடுவார்கள். சரி, ஐந்து எண்ணிக்கையில் போகலாம் என்றால் லாலோ ஷிஃப்ரின் 1966-இல் 'மிஷன் இம்பாசிபிள்' தொடருக்குப் போட்டது வந்து நிற்கும். இந்த இரண்டையும் தொடாமல் சார் ஒரு சின்ன ட்யூனை முனகி வாய்ஸ் நோட்டாக அனுப்பினார். நல்ல ட்யூன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் அதை செல்லோவில் வைத்தேன், கீழே ஒரு சிந்த் பல்ஸ், மேலே ஸ்ட்ரிங்ஸ். டைரக்டர் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஆள் யாருன்னு தெரியலையே" என்றார். அவர் சொன்னது சரிதான்.

அன்று தம்பி வேறு பிட்களுக்காக வந்திருந்தான். கால்ஷீட்டில் கொஞ்சம் நேரம் மிச்சம் இருந்தது. இந்த லைனையும் ஒரு தடவை வாசித்துப் பாரேன் என்று நோட்டேஷனை நீட்டினேன். அவன் கடைசித் தந்தியை ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினான். தந்திகள் வந்து முடியும் பிரிட்ஜுக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய் அழுத்தமாக மீட்டினான். கடைசி ஸ்வரம் வரும் இடத்தில் வாசிக்கவில்லை. உள்ளங்கையால் தந்திகளை மூடிவிட்டான். தாளத்துக்காக ஓடும் க்ளிக் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து, "இதுதான், இதுதான் அவன்!" என்றார். எங்கள் படத்தின் உளவாளி, முழு வாக்கியம் பேசாத ஒரு ஆள், எந்த அறையிலும் கடைசிவரை உட்காராத ஒரு ஆள், அந்த இடத்தில்தான் கிடைத்தான். அதன் பிறகு படம் முழுக்க அந்தத் தீம் வரும் இடமெல்லாம் கடைசி ஸ்வரத்தை நான் எடுத்துவிட்டேன். ஸ்ட்ரிங்ஸில், பிராஸில், எல்லாவற்றிலும்.

மிக்ஸிங் சமயத்தில் அவன் கேட்டான். சண்டையாக இல்லை, தயங்கித் தயங்கித்தான். "அண்ணே, அந்தத் தீம்ல என்னோடது எவ்வளவுண்ணே?" அதற்குத்தான் நான் அந்தப் பதிலைச் சொன்னேன்.

எனக்கு இதில் பேச நிறைய இருக்கிறது. ஸ்வரங்களைப் போட்டது சார்தான். வாசிப்பவர்கள் எல்லோரும் கொஞ்சம் தங்கள் கையைச் சேர்த்துத்தான் வாசிப்பார்கள். அதற்காகத்தான் நல்ல கையாகத் தேடிக் கூப்பிடுகிறோம். ஒவ்வொரு வளைவுக்கும் பங்கு கேட்க ஆரம்பித்தால் ஒரு படமும் வெளியே வராது. கால்ஷீட்டுக்குப் பேசிய பணம் அன்றே அவன் கைக்குப் போய்விட்டது. இதெல்லாம் உண்மை.

ஆனால் இதே நான் இத்தனை வருஷமாக ஜான் பேரியின் கட்சி. தொழில் தெரிந்தவர்களுக்கு அந்தக் கதை தெரிந்திருக்கும். 1962-இல் 'டாக்டர் நோ' என்ற பாண்ட் படத்துக்கு இசையமைக்க ஒப்பந்தமானவர் மான்டி நார்மன். அவரிடம் பழைய ட்யூன் ஒன்று இருந்தது. திரினிடாடில் வாழும் இந்திய வம்சாவளிக் குடும்பத்தைப் பற்றி வி.எஸ். நைபால் எழுதிய நாவலை இசை நாடகமாக்கும் முயற்சியில் போட்ட ட்யூன் அது. அந்த நாடகம் மேடை ஏறவில்லை. அபசகுனமான தும்மலோடு பிறந்தேன் என்று ஒருவன் பாடும் பாட்டு. பாண்ட் தீமின் வேர் அங்கே இருக்கிறது என்று முதலில் கேட்டபோது நான் நம்பவே இல்லை. அதை எடுத்து, பிராஸைக் கொட்டி, ஜாஸ் பேண்டின் வேகத்தைச் சேர்த்து, நாம் இன்று கேட்கும் வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் பேரி. அரேஞ்ச்மென்டுக்கு அவருக்குக் கொடுத்தது 250 பவுண்டு. பேரிதான் அதை எழுதினார் என்று 1997-இல் லண்டன் பத்திரிகை ஒன்று எழுத, நார்மன் வழக்குப் போட்டார். 2001-இல் ஜூரி நார்மன் பக்கம் தீர்ப்பளித்தது, 30,000 பவுண்டு இழப்பீடு.

அரேஞ்சராக வேலை பார்க்கும் யாரும் இந்தத் தீர்ப்பை நிம்மதியாகப் படிக்க முடியாது. ட்யூன் நார்மனுடையதாகவே இருக்கட்டும், உலகம் திரும்பிப் பார்த்தது பேரி செய்ததைக் கேட்டுத்தானே என்று நான் எத்தனையோ பேரிடம் வாதாடியிருக்கிறேன். அதற்குப் பிறகு பேரிதான் பதினொரு பாண்ட் படங்களுக்கு இசையமைத்தார், அதுவே போதாதா என்பேன். தம்பி கேட்டபோது மட்டும் என் வாயில் அந்த ஜூரி பேசியது.

அதோடு, அந்தக் கதையில் மூன்றாவதாக ஒரு ஆள் இருக்கிறார். கிட்டார் வாசித்த விக் ஃப்ளிக். 1939-இல் செய்யப்பட்ட பழைய கிட்டார் அவருடையது. தந்தியின் அதிர்வை வாங்கி ஆம்ப்ளிஃபையருக்கு அனுப்பும் பிக்-அப் தந்திக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்று நசுக்கிய சிகரெட் பாக்கெட்டை அதன் அடியில் செருகி வைத்தார். ஒரு ஸ்தாயி இறக்கி வாசிக்கலாம் என்றது தன் யோசனை என்று பின்னாளில் சொல்லியிருக்கிறார். நார்மனா, பேரியா என்று வாதாடும்போதெல்லாம் இந்த மனிதர் எனக்கு ஒரு சுவையான தகவலாக மட்டும்தான் இருந்தார். அந்த சிகரெட் பாக்கெட் இல்லாமல் அந்தச் சத்தம் இல்லை. நோட்டேஷனில் அதை எந்த இடத்தில் எழுதுவது?

எங்கள் படத்திலும் அதுதான் சிக்கல். தம்பி புதிதாக ஒரு ஸ்வரம் சேர்த்திருந்தால் பேச்சு எளிது. அவன் செய்தது ஒரு ஸ்வரத்தை எடுத்தது. சார் போட்டதில் ஒன்று குறைவாக இருக்கிறது, அந்தக் குறைவுதான் தீம். அதை அவன் யோசித்துச் செய்தானா, தந்தி தளர்ந்திருந்ததால் சுருதி நிற்காது என்று பயந்து மூடினானா என்றுகூட நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால் என் பதில் மாறியிருக்குமா? தெரியாமல் நடந்ததுதான் என்று அவன் சொல்லியிருந்தால் எனக்கு வசதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் சாருக்கு அந்த ட்யூன் வந்ததும் அப்படித்தானே? எங்கிருந்தோ வந்தது, முனகினார்.

டைட்டிலில் பெயர் வருவதை நாங்கள் பெருமை விஷயமாகத்தான் பேசிக்கொள்வோம். 2012-இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டத்தைப் பிறகு ஒருநாள் உட்கார்ந்து படித்தேன். வணிகப் பயன்பாட்டில் கலைஞருக்கும் ராயல்டி உண்டு என்கிறது. ஆனால் சினிமாவில் ஒருவருடைய பங்கு தற்செயலானதாக இருந்து, தொழில் வழக்கப்படி டைட்டிலில் எங்குமே பெயர் போடாத ஆளாகவும் இருந்தால், அவரைக் கலைஞர் கணக்கில் சேர்ப்பதில்லை. வாசித்ததைச் சிதைத்தால் ஆட்சேபிக்கும் உரிமை மட்டும் அவருக்கு மிஞ்சும். பெயர்ப் பட்டியலைத் தயாரித்துக் கொடுத்தது நான். கிட்டார் என்று போட்டு வாசித்தவர்கள் எல்லோர் பெயரையும் வரிசையாக எழுதினேன், அவன் பெயரும் அதில் இருக்கிறது. தீமுக்கு என்று தனியாகப் போடவில்லை. அப்படிப் போடும் வழக்கம் இல்லை. வழக்கம் இல்லை என்று எழுதும்போதே, அந்த வழக்கம் பட்டியல் எழுதுகிற என்னைப் போன்றவர்களால் ஆனதுதானே என்றும் தோன்றுகிறது.

என் பதில் சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு செய்த படங்களில், யார் எந்த இடத்தில் எதை மாற்றினார்கள் என்று செஷன் ஃபைலிலேயே பெயரோடு குறித்து வைக்கிறேன். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் அனுப்பியதும் இல்லை. இப்போது அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் பேசுகிறார்கள். தீம் அதேதான் வேண்டுமாம், கிட்டாரும் அதே கைதான் வேண்டுமாம். கால்ஷீட் பேச நான்தான் அவனுக்கு ஃபோன் செய்ய வேண்டும். இந்த முறை உன் தொகையை நீயே சாரிடம் பேசு என்று சொல்லலாம் என்று இருக்கிறேன். அப்படிச் சொன்னால் சார் என்னை என்ன நினைப்பார் என்பதையும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.