குனிந்துதான் போகணும்: சண்டிகர் ராக் கார்டனில் ஒரு நாள்

டெல்லியில் ஒரு கல்யாணம். முடிந்து ஒரு நாள் மிச்சம் இருந்தது. ஆக்ரா போகலாம் என்றேன். "தாஜ்மஹாலை எத்தனை காலண்டர்ல பாத்தாச்சு, வேற எங்கியாவது கூட்டிட்டுப் போ" என்றார் அம்மா. காலை சதாப்தியில் ஏறினால் மூன்றரை மணி நேரத்தில் சண்டிகர். சரி, அங்கேயே போகலாம் என்று முடிவானது.

ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் போகும்போதே அம்மா ஒன்றைக் கவனித்துவிட்டார். "என்னடா, இவ்வளவு பெரிய ரவுண்டானா, நடுவுல ஒரு சிலையக் காணோம்?" நியாயமான கேள்வி. நம் ஊரில் நாலு ரோடு சந்தித்தால் நடுவில் ஒருவர் கை நீட்டிக்கொண்டு நிற்பார். சண்டிகரை வடிவமைத்த பிரெஞ்சு கட்டடக் கலைஞர் லெ கொர்புசியே, இந்த ஊரிலும் இதன் பூங்காக்களிலும் தனிமனிதர் சிலை வைக்கக் கூடாது என்று எழுதியே வைத்துவிட்டுப் போனார். அவர் ஆசைப்பட்ட சின்னம் ஒன்றுதான், 'திறந்த கை'. காற்று அடிக்கும் பக்கம் திரும்பும் 26 மீட்டர் உயரக் கை. அவர் 1965-இல் இறந்துவிட்டார். கை எழும்பியது 1985-இல். அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்க அடையாள அட்டை காட்டி, குழுவோடு நடக்க வேண்டும். அம்மா தன் முட்டியைத் தடவிக் காட்டினார். விட்டுவிட்டோம்.

ஊரின் திட்டத்திலேயே இருந்த கை இப்படிக் காத்துக் கிடந்த அதே காலத்தில், கூப்பிடு தூரத்தில், யாரிடமும் கேட்காமல் ஒருவர் காட்டுக்குள் ஒரு ராஜ்ஜியமே கட்டி முடித்திருந்தார். அதுதான் ராக் கார்டன். நாங்கள் பார்க்க வந்தது அதைத்தான்.

அதைக் கட்டியவர் நேக் சந்த், பொதுப்பணித் துறையில் ரோடு இன்ஸ்பெக்டர். பிரிவினையின்போது, இன்று பாகிஸ்தானில் இருக்கும் தன் கிராமத்தை விட்டு வந்தவர். சண்டிகர் எழும்புவதற்காக அந்த இடத்திலிருந்த கிராமங்களை இடித்துத் தள்ளினார்கள். உடைந்த ஓடு, பானை, பீங்கான், வளையல் என்று மலை மலையாகக் குவிந்தது. இவர் வேலை முடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் அதையெல்லாம் பொறுக்கி வருவார். சிவாலிக் மலை அடிவாரத்து ஆற்றுப்படுகைகளிலிருந்து விதவிதமான கற்கள் வேறு. கட்டடமே எழும்பக் கூடாது என்று ஒதுக்கி வைத்திருந்த காட்டுப் பள்ளம் ஒன்றில் 1957-இல் வேலையை ஆரம்பித்தார். ராத்திரியில் பழைய டயரைக் கொளுத்தி அந்த வெளிச்சத்தில் வேலை. 1975-இல் அதிகாரிகள் கண்ணில் படுவதற்குள் அது 12 ஏக்கருக்கு வளர்ந்திருந்தது. பதினெட்டு வருஷம்! நான் மொட்டை மாடியில் ஒரு தகரக் கொட்டகை போட்டதற்கு மூன்றாம் நாளே ஆள் வந்து நின்றார்.

இடிக்க வேண்டும் என்றுதான் முதலில் பேச்சு. அப்புறம் மக்கள் அவர் பக்கம் நின்றார்கள், சில அதிகாரிகளும் நின்றார்கள். 1976-இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். நேக் சந்துக்கு அதே இடத்தில் சம்பளத்தோடு வேலை, கூட ஐம்பது தொழிலாளர்கள். இதைச் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பதினெட்டு வருஷத்துக்கு அரியர்ஸ் குடுத்தாங்களா?" அம்மா ரிட்டயர்டு அரசு ஊழியர்.

டிக்கெட் வாங்கி உள்ளே போனால் சிலை எதுவும் கண்ணில் படாது. வளைந்து வளைந்து போகும் குறுகலான பாதை, இரண்டு பக்கமும் உயரமான சுவர். சுவரை உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அது ஒரு இடத்தில் தார் டிரம், ஒரு இடத்தில் எலெக்ட்ரிக் பிளக் பாயின்ட், ஒரு இடத்தில் முழுக்க ஆற்றுக் கல். வாசல்கள் எல்லாம் குட்டை. சில இடங்களில் ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான அம்மாவே தலையைக் குனிய வேண்டியிருந்தது. இது தெய்வங்களின் ராஜ்ஜியம், வருகிறவர் குனிந்துதான் வரவேண்டும் என்று வேண்டுமென்றே அப்படிக் கட்டியிருக்கிறார். எனக்கு நெற்றியில் ஒரு முறை இடித்தது. இரண்டாவது வாசலிலிருந்து பழகிவிட்டது.

ஒவ்வொரு வாசலைத் தாண்டினாலும் ஒரு முற்றம். ஒன்றில் குரங்குப் பட்டாளம். ஒன்றில் தண்ணீர்க் குடம் தூக்கிய பெண்கள். ஒன்றில் வாத்தியக்காரர்கள், வரிசை வரிசையாக, எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு. கம்பிக்கூட்டின் மேல் சிமென்ட் பூசி, அது காய்வதற்குள் உடைந்த பீங்கானைப் பதித்திருக்கிறார்கள். "இது நம்ம வீட்டு வாஷ்பேசின் கலர்டா" என்று அம்மா ஒரு கரடியின் வயிற்றைக் காட்டினார்.

வளையல் பெண்களிடம்தான் அம்மா ரொம்ப நேரம் நின்றார். உடம்பு முழுக்கக் கண்ணாடி வளையல் துண்டுகள். தூரத்திலிருந்து பார்த்தால் பச்சைச் சேலை, சிவப்பு ரவிக்கை. பக்கத்தில் போனால் ஒவ்வொரு துண்டும் விரல் நகம் அளவுதான். ஒரு பொம்மையின் தோளில் கொஞ்சம் உதிர்ந்து, சிமென்டில் வளையலின் வளைவு மட்டும் தடமாக நின்றது. "எத்தனை கை போட்டுக் கழட்டினதோ" என்றார் அம்மா. எங்கள் வீட்டில் வளையல் உடைந்தால் 'உடைந்தது' என்று சொல்லக் கூடாது. அதைக் கூட்டித் தனியாகப் போடும்போது அவர் முகம் மாறுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். இங்கே அவர் முகம் அப்படி மாறவில்லை.

எனக்கு உறைத்தது வேறு ஒன்று. நம் ஊர்ப் பூங்காக்களிலும் 'கலை' உண்டு. சிமென்ட் மான், சிமென்ட் ஒட்டகச்சிவிங்கி, வாயைப் பிளந்துகொண்டு 'என்னைப் பயன்படுத்தவும்' என்று நிற்கும் பென்குயின். எங்கோ அச்சில் வார்த்து, லாரியில் ஏற்றி, புல்தரையில் இறக்கியவை. அந்த இடத்துக்கும் அவற்றுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. மதுரையில் வைத்தாலும் ஒன்றுதான், மதுராவில் வைத்தாலும் ஒன்றுதான். ராக் கார்டனை அப்படித் தூக்கிக்கொண்டு போக முடியாது. பள்ளம் இருந்த இடத்தில் பள்ளத்தை வைத்தே அருவி விட்டிருக்கிறார். மரம் நின்ற இடத்தில் சுவர் மரத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. ஒரு சுவரில் இறங்கியிருந்த விழுதுகளில் எது நிஜ வேர், எது சிமென்ட் வேர் என்று அம்மாவும் நானும் பந்தயம் கட்டினோம். நான் தோற்றேன்.

ஒரு நெருடலையும் சொல்லிவிடுகிறேன். காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் கட்டியது இது. நாளைக்கு யாராவது பள்ளிக்கரணைச் சதுப்பில் இறங்கி 'நானும் கலைஞன்' என்று சிமென்ட் குழைத்தால் முதல் ஆளாகக் கத்துவேன். அப்படியிருக்க இதை மட்டும் எப்படி ரசிக்கிறாய் என்று கேட்டால், நியாயமான பதில் என்னிடம் இல்லை. குப்பையைக் காட்டில் கொட்டுவதும், அதே குப்பையை ஒருவர் பதினெட்டு வருஷம் கையால் பதிப்பதும் ஒன்றில்லை என்று மனசு சொல்கிறது. சட்டம் அப்படிச் சொல்லாது.

காட்டுக்குள் கலையை நுழைத்தால் அதற்கு எதிரி காடு இல்லை, ரோடுதான் போலிருக்கிறது. 1990-இல் ரோடு போடுவதற்காக புல்டோசர் வந்தபோது ஊர் ஜனங்கள் கை கோத்து நின்று மறித்திருக்கிறார்கள். நேக் சந்த் 2015-இல் காலமானார். 2025-இல் பக்கத்து உயர் நீதிமன்றத்துக்கான ரோட்டை அகலப்படுத்தவும் வண்டி நிறுத்தவும் தோட்டத்துச் சுவரில் ஒரு பகுதியை இடித்தார்கள். இந்த முறையும் எதிர்ப்பு இருந்தது, ஆனால் சுவர் போய்விட்டது. இடித்த வீடுகளின் சில்லுகளால் எழுந்த இடத்தில் மறுபடி இடிபாடு. அதைப் பொறுக்க ஆள் இல்லை.

கடைசிப் பகுதிக்கு வரும்போது மணி மூன்று. பெரிய பெரிய வளைவுகள், ஒவ்வொன்றிலும் நீளமான சங்கிலியில் ஒரு ஊஞ்சல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் ஒன்று மொய்த்துக்கொண்டிருந்தது. இதுவரை எதையும் தொடாமல் பார்த்துவந்த கூட்டம், இங்கே வந்ததும் செருப்பைக் கழற்றி வீசிவிட்டு ஏறுகிறது. குர்தா போட்ட ஒரு தாத்தா இறங்கி, அம்மாவைப் பார்த்து ஊஞ்சலைக் கையால் பிடித்து நிறுத்திக் காட்டினார். 'உட்காருங்க' என்பதற்கு ஹிந்தி தேவைப்படவில்லை.

அம்மா கைப்பையை என்னிடம் கொடுத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டார். முட்டி வலி எங்கே போனதோ தெரியவில்லை, காலால் உந்தி உந்தி ஏறினார். ரயிலுக்கு நேரமாகிறது என்று இரண்டு முறை சொன்னேன்.

"இன்னும் அஞ்சு நிமிஷம்டா. பையப் பத்திரமா புடிச்சுக்கோ."