செவலையின் பின்னங்கால்

ஊட்டியில் சீசன் முடிந்ததும் சவாரி மட்டக்குதிரைகள் சில தெருவுக்கு வந்துவிடும். வருமானம் இல்லாத மாதங்களில் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது என்று அவிழ்த்துவிடுகிறார்கள். அவை குப்பைத்தொட்டியைக் கிளறும், ராத்திரியில் ரோட்டோரம் நிற்கும். செவலையும் அப்படி அலைந்த குதிரைதான். முள்கம்பி வேலியில் மாட்டி, பின்னங்காலில் முட்டிக்குக் கீழே தோல் கிழிந்து தொங்கியது. நன்கொடையில் ஓடும் எங்கள் சின்னக் காப்பகத்துக்கு மினி லாரியில் ஏற்றி வந்தோம்.

டாக்டர் வந்ததும் முதலில் போட்டது டெட்டனஸ் ஊசி. அந்த நோய்க்குக் குதிரை அளவுக்குச் சீக்கிரம் பலியாகும் வீட்டு விலங்கு வேறில்லை. கிருமி மண்ணிலேயே இருக்கிறது, குதிரையின் லத்தியிலும் இருக்கிறது. அப்புறம்தான் காயத்தைக் கழுவினோம். காய்ச்சி ஆறவைத்த தண்ணீர், லிட்டருக்கு 9 கிராம் உப்பு, அவ்வளவுதான். யாரோ இரக்கப்பட்டு ஏற்கெனவே ஃபினாயில் ஊற்றியிருந்தார்கள். புழு வைக்காது என்று நினைத்துத்தான் ஊற்றுகிறார்கள், ஆனால் அது நல்ல சதையையும் பொசுக்கிவிடும். தயவுசெய்து எந்த விலங்குக்கும் அதைச் செய்யாதீர்கள்.

தையல் போடும் கட்டம் தாண்டிவிட்டது. குதிரைக்கு அந்த இடத்தில் தசையே கிடையாது. எலும்பு, தசையை எலும்போடு இணைக்கும் நாண், மேலே தோல், ரத்த ஓட்டமும் குறைவு. ஆறும்போது உள்சதை காலிஃபிளவர் மாதிரி பொங்கி வெளியே வந்துவிடும், அப்புறம் தோல் மூட வழியிருக்காது. செவலைக்கும் அப்படி வளர்ந்தது. டாக்டர் அதைச் சீவி எடுத்தார். புதுச்சதையில் நரம்பு இல்லாததால் வலிக்காது, ரத்தம் மட்டும் கொட்டும். முதல்முறை பார்ப்பவர்கள் பதறிப்போவார்கள். காயத்தில் ஒட்டாத துணி, மேலே தாராளமாகப் பஞ்சு, அதன் மேல் க்ரேப் பேண்டேஜ். பஞ்சு குறைந்தால் கட்டின் இறுக்கமே நாணைக் கெடுக்கும். கட்டும்போது தரையில் மண்டி போடக்கூடாது, குந்திதான் இருக்க வேண்டும். குதிரை மிரண்டால் சட்டென்று விலக வேண்டுமே.

நான் கட்டுப் போட்ட காலையே பார்த்துக்கொண்டிருப்பேன். லாயத்தை நடத்தும் அண்ணன் தினமும் காலையில் வேறு வேலை கொடுப்பார். “தம்பி, புண்ணை நான் பாத்துக்கறேன். நீ அந்தப் பக்கத்துக் காலத் தொட்டுப் பாரு.” அடிபட்ட காலைக் குதிரை தூக்கிக்கொண்டால் பாரம் முழுக்க எதிர்க்காலில் இறங்கும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்திருக்கும் இணைப்பு தளர்ந்துவிட்டால் எலும்பே கீழே இறங்கிவிடும். புண் ஆறிக்கொண்டிருக்கும்போதே குதிரையை இழப்பது அப்படித்தான். அதனால் நல்ல குளம்பில் சூடு ஏறியிருக்கிறதா, கணுவுக்குப் பின்னால் நாடி தெறிக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பேன். காலடியில் மரச்சீவலைக் கனமாகப் பரப்பினோம்.

அடுத்த பயம் வயிறு. குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. கட்டிய இடத்திலேயே நின்றால் குடல் அடைத்துக்கொள்ளும், வலிமருந்து நீண்டால் வயிறு புண்ணாகும். லத்தி எத்தனை தடவை, எவ்வளவு இறுக்கம் என்று நோட்டில் எழுதினோம். ஊட்டிக் குளிரில் தண்ணீர் சரியாகக் குடிக்காது. வெதுவெதுப்பாக வைத்து, தவிட்டில் துளி உப்பு கலந்ததும் வாளியைக் காலி செய்தது. கேரட் கழுவும் இடத்துப் பிள்ளைகள் கழித்துப்போட்டதை மூட்டையாகக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகளை நான் மறக்கவே மாட்டேன்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ரத்தம் வழியும் படம் வந்த வாரத்தில் நன்கொடை நன்றாகவே வந்தது, டாக்டர் செலவுக்குப் போதும். புண் சுருங்க ஆரம்பித்ததும் படத்தில் பார்க்க ஒன்றுமில்லை, பணமும் நின்றுபோனது. பஞ்சும் பேண்டேஜும் தீர்ந்துகொண்டே இருந்த காலம் அதுதான். காய்ந்த புல் வேறு சமவெளியிலிருந்து லாரி வாடகை கொடுத்து மேலே வர வேண்டும். கோத்தகிரியில் ஓய்வுபெற்ற டீச்சரம்மா ஒருவர் மாதாமாதம் ஒரு மூட்டைத் தவிட்டுக்குப் பணம் அனுப்பினார். சின்னத் தொகைதான். ஆனால் அது வரும் என்று தெரிந்ததால் அந்த மாதக் கணக்கைப் பயமில்லாமல் போட முடிந்தது.

இப்போது தோல் மூடிவிட்டது. அந்த இடத்தில் முடி வளராது. நடை நேராக இருக்கிறது, ஓடும்போது மட்டும் அந்தக் காலின் எட்டு கொஞ்சம் குட்டை. இனிமேல் சேணம் கிடையாது, ஆளை ஏற்றும் வேலையும் கிடையாது. சொந்தக்காரர் என்று யாரும் வந்து கேட்கவில்லை, அதனால் எங்களிடமே இருக்கும். குளம்பு சீவ மட்டும் ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை ஆள் வருகிறார்.