வடகடல் ஓரத்தில் ஒரு வேலை

ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையே கடலைப் பார்த்தபடி அமைந்திருக்கும் ஒரு விடுதியில், விடுமுறைக்கு வரும் குடும்பங்களைக் காலை வேளையில் கரையோரம் அழைத்துச் சென்று அங்கு வாழும் உயிரினங்களைக் காட்டி விளக்குவது சில ஆண்டுகளாக என் வேலையாக இருக்கிறது. இந்தப் பகுதி மீனவர்கள் பாக் நீரிணைப் பக்கத்தை வடகடல் என்றும் மன்னார் வளைகுடாவைத் தென்கடல் என்றும் சொல்வார்கள். கோடையில் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று பிடித்துவிட்டால் தென்கடல் கொந்தளிக்கும். வடகடலோ குளம்போல அடங்கிக் கிடக்கும். பள்ளி விடுமுறைக்கு வரும் பிள்ளைகள் முழங்கால் ஆழத்தில் அச்சமின்றி நின்று பார்க்க முடிவது இந்தக் காற்றின் தயவால்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் அதே பருவத்தில் வருவதால் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும், அவற்றின் இழுவலைகள் அடியைக் கலக்காமல் நீரும் ஓரளவு தெளிந்திருக்கும்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்கும் முதல் கேள்வி ஆவுளியாவைப் பற்றியது. கடல்பசு என்று பாடப்புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை இருப்பது இயல்பே. தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-ஆம் ஆண்டில் தமிழக அரசு கடல்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததிலிருந்து இந்தக் கேள்வி கூடியிருக்கிறது. பார்க்க வாய்ப்பு மிக மிகக் குறைவு என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். ஆனால் அது உண்ணும் சோற்றைக் காட்ட முடியும் என்று சொல்லி, கடற்புல் படுகைக்கு அழைத்துச் செல்வேன். வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும். ஒரு முறைக்கு ஒரே ஒரு குட்டிதான் ஈனும், அடுத்த ஈற்றுக்குச் சில ஆண்டுகள் ஆகும். இந்த இரண்டு செய்திகளையும் அந்தப் புல்லின் நடுவே நின்று சொல்லும்போது, படுகை அழிந்தால் விலங்கு என்ன ஆகும் என்பதைப் பிள்ளைகள் தாங்களாகவே கூட்டிப் பார்த்துச் சொல்லிவிடுகிறார்கள்.

கடற்புல்லைப் பாசி என்று நினைக்கிறவர்களே அதிகம். இதற்கு வேர் உண்டு, பூ உண்டு, விதை உண்டு. நெல்லையும் அருகையும் போல இதுவும் பூக்கும் தாவரம் என்றால் தாவரவியல் படித்த பெற்றோர்கூட வியப்படைகிறார்கள். கரையில் ஒதுங்கிக் காய்ந்து கிடக்கும் புல் குவியல் தொடர்பாக விடுதி நிர்வாகத்தோடு எனக்கு நீண்ட நாள் கருத்து வேறுபாடு உண்டு. விருந்தினர் கண்ணுக்குக் கரை வெள்ளை மணலாகத் தெரிய வேண்டும் என்று தினமும் விடியற்காலையில் அதை வாரிக் குழியில் போடச் சொன்னார்கள். அந்தக் குவியலைக் கொஞ்சம் விலக்கினால் துள்ளி ஓடும் சின்னஞ்சிறு பூச்சிபோன்ற உயிர்களையும், அவற்றைக் கொத்த வரும் கரையோரப் பறவைகளையும், அந்தக் குவியல் மணலைப் பிடித்து வைத்துக் கரை அரிப்பைக் குறைப்பதையும் எடுத்துச் சொல்லிச் சொல்லி, இப்போது வடக்கு ஓரத்தை மட்டும் வாராமல் விடச் சம்மதித்திருக்கிறார்கள். முழுக் கரையையும் விட்டுவிட வேண்டும் என்பதே என் எண்ணம்.

இந்த வேலையில் நான் பிடிவாதமாக இருப்பது ஒன்றில்தான்: எந்த உயிரையும் நீருக்கு வெளியே தூக்குவதில்லை. நட்சத்திர மீனை உள்ளங்கையில் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளக் கேட்காத குடும்பம் இல்லை. காசு கொடுத்து வந்திருக்கிறோமே என்று வருத்தப்படுகிறவர்களும் உண்டு. அது உடலின் மேல்தோலில் உள்ள மெல்லிய நீட்சிகள் வழியாகவும் அடியிலுள்ள குழாய்க் கால்கள் வழியாகவும் நீரிலிருந்தே மூச்சை எடுத்துக்கொள்கிறது. நாம் அதை வெளியே பிடித்து வைத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அதற்கு மூச்சுத் திணறல்தான். ஆளுக்கு ஆள் கை மாறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் அடியில் கண்ணாடி பதித்த பெட்டி ஒன்றைத் தச்சரிடம் செய்து வாங்கினேன். அதை நீர்மட்டத்தில் அழுத்திப் பிடித்துக் குனிந்தால் அலையின் மினுமினுப்பு மறைந்து அடித்தரை துல்லியமாகத் தெரியும்.

அந்தப் பெட்டி வழியாக நான் அதிகம் காட்டுவது குச்சி அட்டை என்னும் கடல் அட்டையை. கறுப்பாக, மணலைப் பூசிக்கொண்டு கிடக்கும் அதைப் பார்த்ததும் பிள்ளைகள் முகத்தைச் சுளிப்பார்கள். அசையாமல் நிற்கச் சொல்வேன். சற்று நேரத்தில் அதன் வாயைச் சுற்றியுள்ள குட்டையான கைகள் ஒன்றன்பின் ஒன்றாக விரிந்து, மணலைத் துழாவி, விரலை வாயில் வைத்து உறிஞ்சும் குழந்தையின் நிதானத்தோடு உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுமுனையில் உருண்டையாகத் திரண்ட மணல் கோவையாக வெளியே வந்து விழும். மணலில் ஒட்டியிருந்த மக்கிய பொருள்களையும் நுண்ணுயிர்களையும் அது தின்றுவிட்டு மணலை மட்டும் திருப்பித் தருகிறது. இதைக் கண்ட பிறகு முகம் சுளிக்கிற பிள்ளையை நான் பார்த்ததில்லை. பெட்டியை அடுத்தவருக்கு விட மறுக்கிறவர்கள்தான் உண்டு. கையில் எடுத்திருந்தால் அது உடலைச் சுருக்கிக்கொண்டு, தேய்த்த இடத்தில் செந்நிறச் சாறு கசிய, ஒரு கட்டைபோலக் கிடந்திருக்கும்.

விடுதித் தோட்டத்தில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இளமையில் சங்கு குளித்தவர், அட்டையும் எடுத்தவர். 2001-ஆம் ஆண்டில் கடல் அட்டை, கடல் குதிரை, பவளப்பாறை முதலியவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டதோடு அவருடைய அட்டைத் தொழில் நின்றுபோனது. அவரை ஒரு நாள் நடைக்கு அழைத்தேன். “தம்பி, நாங்க அட்டைய அவிச்சுக் காயவச்சு எடை போட்டோம். அது என்ன தின்னுதுன்னு உக்காந்து பாக்க நேரமிருந்துச்சா?” என்று கேட்டார். அதில் வருத்தமும் இருந்தது, சட்டத்தின் மீது கோபமும் இருந்தது. பிழைப்பை இழந்தவரின் கேள்வியைக் கேட்காமல், பாதுகாப்பு என்ற ஒரு பக்கத்தை மட்டும் நகரத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புவது நேர்மையாகாது என்று அன்று முதல் அவரையும் அடிக்கடி உடன் அழைத்துச் செல்கிறேன். பிள்ளைகள் என்னைவிட அவரிடம்தான் அதிகம் கேட்கிறார்கள்.

அதே காரணத்தால் பாம்பன் பக்கம் பாசி எடுக்கும் பெண்களைப் பற்றியும் சொல்வேன். விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறித்து வருகிறவர்கள் அவர்கள். மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது என்று தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு தீவுகளின் சுற்றுச்சூழலைக் காப்பவர்களுக்குத் தரப்படும் சீகாலஜி விருது 2015-இல் கிடைத்தது. கடலைக் காப்பது வெளியூரிலிருந்து வந்து கற்பிக்கும் பாடம் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

தனுஷ்கோடியில் கரைவலை இழுப்பதைப் பார்க்க விரும்புகிறவர்களை அங்கும் அழைத்துச் செல்வதுண்டு. வலையின் மடி கரையேறும்போது சாளை, காரல், நண்டு, சொறி என்னும் ஜெல்லி மீன், பேத்தை மீன் எல்லாம் ஒன்றாகக் குவியும். ஊதிப் பெருத்த பேத்தையைப் பந்துபோல் உருட்டி விளையாடப் பிள்ளைகள் ஓடுவார்கள். காற்றை விழுங்கிப் பெருத்த பேத்தை அதை வெளியேற்ற முடியாமல் இறந்துபோகக்கூடும் என்று சொன்னால், அவர்களே மீனவரிடம் கேட்டு வாங்கி நீரில் விடுவார்கள். சொறி கொட்டினால் நல்ல தண்ணீரால் கழுவக்கூடாது, கடல் நீரால்தான் கழுவ வேண்டும், தேய்க்கக்கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லி வைப்பேன். நல்ல தண்ணீர் பட்டால் தோலில் ஒட்டியிருக்கும் மீதிக் கொட்டும் உறைகளும் வெடித்துவிடும்.

எனக்கு இன்னும் கைவராதது கிளிஞ்சல் விஷயம். ராமேசுவரம் கடைகளில் சங்கும் சோழியும் கொட்டிக் கிடக்கும்போது, கரையில் கிடக்கும் வெற்றுக் கிளிஞ்சலைப் பை நிறைய எடுத்துப் போவதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அப்போது நான் சட்டம் பேசுவதில்லை. இப்படி வெறுமையாகக் கிடக்கும் ஓடுகளையே வீடாக்கிக்கொள்ளும் சன்னியாசி நண்டு ஒன்று தன் மென்மையான வயிற்றுப் பகுதியை உள்ளே மறைத்துக்கொண்டு, தனக்குச் சிறுத்துப்போன ஓட்டோடு நடப்பதைத் தேடிப்பிடித்துக் காட்டுகிறேன். சில குடும்பங்கள் பையை அங்கேயே கவிழ்த்துவிடுகின்றன. சிலர் ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மீதியைப் போடுகிறார்கள். எதையும் போடாமல் போகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களிடம் அடுத்த நாள் காலையிலும் நடைக்கு வரச் சொல்லி அழைப்பேன்.